முனை இன்னும் வரவில்லை

குடல் நோய்ப் பிரிவின் தலைமை டாக்டரான அவளுக்கு அங்கே இரண்டு பெயர். நேரில் 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'ஆமை'. இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டாவதுதான் உள்ளூரப் பிடித்தது. விளக்கும் கேமராவும் பொருத்திய குழாயை ஒருவருடைய பெருங்குடலுக்குள் செலுத்திவிட்டு, கடமைக்கு ஒரு பார்வை பார்த்து உருவிக்கொண்டு வருகிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. உள்ளே போவது பெரிய காரியமில்லை, திரும்பி வரும்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது, ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மடிப்புக்கு வர வேண்டும் என்பது அவள் கட்சி. ஸ்கோப் என்னும் அந்தக் குழாய் அவள் கையில் இருக்கும் நாளில் அந்த அறையில் இருப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

தன் தொழிலைப் பற்றி அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் இருதய டாக்டருக்கு நாற்காலி போடுவார்கள், மூளை டாக்டரிடம் குனிந்து பேசுவார்கள். இவளிடம் எந்த டாக்டர் என்று விசாரிப்பார்கள். பதில் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொருவராக, யாரும் பார்க்காத சமயம் பார்த்து, கை கழுவும் இடத்தில் வந்து நின்று, காலையில் சரியாகப் போவதில்லை என்று காதோடு காதாகச் சொல்வார்கள். "இருதயம் எப்பவோ ஒரு தடவை மிரட்டும். வயிறு தினமும் காலையில கூப்பிட்டுக் கேள்வி கேக்கும். யாருக்கு மரியாதை தரணும்னு நீங்களே சொல்லுங்க" என்பாள்.

ஸ்கோப் அறையில் அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பெருங்குடல் கல்லீரலுக்குக் கீழே ஓரிடத்தில் மடங்கித் திரும்பும். பார்த்தால் குழி மாதிரி இருக்கும், அதற்கு மேல் வழியே இல்லாதது போலக் கண்ணைக் கட்டும். அதைப் பெருங்குடலின் முனை என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுவது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே உரிய தவறு. திரும்பிய டாக்டருக்குத் தான் ஏமாந்தது தெரியாது. மிச்சமுள்ள ஒரு சாண் குடலை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் எல்லாம் சுத்தம் என்று சொல்லி நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு சாணில் என்ன வளர்ந்துகொண்டிருக்கிறது என்பது பல வருஷம் கழித்து, காலம் கடந்த பிறகு தெரியவரும்.

அதனால்தான் அவள் சட்டம் போட்டாள். உண்மையான முனைக்கு மூன்று அடையாளம் உண்டு. குடல்வாலின் சின்னத் துவாரம், சிறுகுடல் வந்து திறக்கும் உதடு போன்ற வாசல், மூன்று மடிப்புகள் ஒன்று கூடும் சந்தி. இந்த மூன்றையும் ஸ்கோப் பிடித்திருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கும் சிஸ்டர் தன் கண்ணாலும் அவற்றைப் பார்த்த பிறகே படம் எடுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். படம் எடுக்காமல் எவரும் திரும்பக் கூடாது. படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர்களை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல ஒப்பிக்க வைக்கிறாள் என்று மற்றப் பிரிவுகளில் கேலி பேசினார்கள். அதற்கு 'வாய்ப்பாடு' என்று பெயரும் வைத்தார்கள். பேசுகிறவர்கள் பேசட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

அவளுக்கு அடுத்த நிலையில் இருந்த டாக்டரை எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்றார்கள். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். ஒல்லி உடம்பு, அதிகம் பேசமாட்டான். ஸ்கோப்பைக் கையில் எடுத்தால், பக்கத்தில் இருப்பவர் கையுறையைச் சரிசெய்து முடிப்பதற்குள் பாதிக் குடலைத் தாண்டியிருப்பான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 'இவன் என்ன ரயில் பிடிக்கவா போகிறான்' என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அவன் திரும்பி வருவதை அவள் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. ஊரில் உள்ள மடிப்பையெல்லாம் எட்டிப் பார்க்கிறவள் இதை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

இப்படியாக அவளுடைய ராஜ்ஜியம் நடந்துகொண்டிருக்கையில், ஒரு காலை வேளையில் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள்.

அக்கா வேறொரு ஊரில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு வருஷத்துக்கு முன் அக்காவுக்குப் பெருங்குடலில் புற்று. அறுவை சிகிச்சை, மருந்து ஏற்றுதல் எல்லாம் முடிந்து, உதிர்ந்த முடி வளர்ந்து, பழைய குரலும் பழைய அதிகாரமும் திரும்பிவிட்டன. வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"என் டாக்டர் கேட்டார், உங்க தங்கச்சி செக் பண்ணிக்கிட்டாங்களான்னு. அவளே அந்த டாக்டர்தான், பண்ணிக்காம இருப்பாளான்னு நெஞ்சை நிமித்திச் சொல்லிட்டு வந்தேன். பண்ணிக்கிட்டியா இல்லையா?"

கூடப் பிறந்தவருக்குக் குடல் புற்று வந்தால், அறிகுறி ஒன்றுமே இல்லாவிட்டாலும் மற்றவர்கள் உள்ளே பார்த்துக்கொள்ள வேண்டும். இதை அவள் தன் நோயாளிகளின் அண்ணன் தம்பிகளுக்கு, அக்கா தங்கைகளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். வர மறுத்தவர்களை ஆள்விட்டுக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறாள். ஆனால் தன் விஷயம் என்று வந்தபோது, இந்த மாசம் கருத்தரங்கு, அடுத்த மாசம் மாணவர்களுக்குப் பரீட்சை, அதற்கடுத்த மாசம் புது இயந்திரம் வருகிறது என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். அக்காவிடம் இப்போதும் அந்தப் பட்டியலைத்தான் ஆரம்பித்தாள். நில அளவைத் துறையில் சர்வேயராக இருக்கும் அவள் கணவர், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அக்காவைப் பார்த்து 'இல்லை' என்று தலையாட்டிவிட்டார். முப்பது வருஷத்துத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு துரோகத்தை அவள் எதிர்பார்க்கவில்லை.

அக்கா பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். டெஸ்ட் நடக்கும்வரை தான் ஊருக்குப் போவதாக இல்லை என்று கடைசிப் புடவையை வைக்கும்போது சொன்னாள்.

தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும், நகரத்தின் இன்னொரு கோடியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் தன்னோடு படித்தவள் ஒருத்தி இருக்கிறாள், அங்கே போய் சத்தமில்லாமல் பண்ணிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள். தன் கீழே வேலை செய்பவர்கள் முன்னால் பின்பக்கம் திறந்த கவுனைப் போட்டுக்கொண்டு படுப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதிலும் எக்ஸ்பிரஸிடமா?

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"உன் ஆஸ்பத்திரியில உனக்கே நம்பிக்கை இல்லன்னா, அங்க வந்து படுக்கிற ஜனங்க எல்லாம் இளிச்சவாயங்களா?"

அது சுருக்கென்று தைத்தது. அன்று சாயங்காலம் எக்ஸ்பிரஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினாள். விஷயத்தைச் சொன்னாள். மயக்க ஊசி வேண்டாம், திரையைத் தானும் பார்க்க வேண்டும் என்றாள். காரணத்தை அவள் சொல்லவில்லை. அவன் போகும் வேகத்துக்குத் தானும் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் காரணம். அவனுக்கும் அது புரிந்திருக்கும். முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி மேடம். ஆனா டேபிள்ல ஏறினதும் நீங்க பேஷன்ட்" என்றான். அவள் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டாள்.

டெஸ்டுக்கு முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்யும் மருந்து குடிக்க வேண்டும். 'கொஞ்சம் உப்புக் கரிக்கும், மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மூச்சில குடிச்சுடுங்க' என்று அவள் நோயாளிகளுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பும் மருந்துதான். முதல் டம்ளரிலேயே தான் இத்தனை காலமாக எப்பேர்ப்பட்ட பொய்யைச் சொல்லி வந்திருக்கிறோம் என்று தெரிந்துபோயிற்று. கொஞ்சமாவது, உப்பாவது! கடலுக்குள் சோப்பைக் கரைத்து, யாரோ அதில் எலுமிச்சம்பழத்தைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. அளப்பதுதான் தன் தொழில் என்று கணவர் குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அக்கா பரீட்சை ஹாலில் நிற்பது போலப் பக்கத்தில் நின்று, டம்ளர் கவிழும்வரை கண்ணை எடுக்கவில்லை.

அதன் பிறகு குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நடையாய் நடந்தாள். தெளிவாக வருகிறதா என்று அக்கா கதவுக்கு வெளியே நின்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தாள். உள்ளேயிருந்து, எனக்குத் தெரியும், நான் டாக்டர் என்று இவள் கத்தினாள். இந்த விஷயத்தில் நான்தான் சீனியர் என்று அக்காவும் விடவில்லை. தன் பிரிவில் இருக்கிற ஒவ்வொரு டாக்டரும் இந்த மருந்தை ஒரு தடவையாவது குடித்துப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்கு எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு போடுவதாக அவள் அங்கேயே முடிவு செய்தாள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் அடியில் ஒரு பயம் இருந்தது. அக்காவுக்கு வந்தது தனக்கும் வந்திருந்தால் என்ற பயம்தான். அவள் தள்ளிப்போட்டது கருத்தரங்குக்காகவும் இல்லை, கவுனுக்காகவும் இல்லை. அக்காவின் ஸ்கேன் படத்தை முதலில் பார்த்தவளே அவள்தான். அதைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து உடை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த மாதிரிப் படம் தன் பெயரிலும் ஒன்று இருக்குமோ என்று தெரியாமலே இருந்துவிட்டால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. டாக்டர்களுக்கு அப்படித் தோன்றாது என்று யார் சொன்னது?

மறுநாள் காலை, தன் ஸ்கோப் அறையின் மேஜையில் அவள் படுத்தாள். முதலில் கண்ணில் பட்டது கூரை. இத்தனை வருஷமாக இந்த அறையே கதி என்று கிடந்தும், கூரையில் பழுப்பாகத் தண்ணீர்க் கறை படிந்திருப்பதை அவள் பார்த்ததில்லை. இங்கே படுக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு பயந்திருப்பார்கள். மூத்த சிஸ்டர் போர்வையை இழுத்துவிட்டாள். மேடம் இந்தப் பிரிவுக்குத் தலைவியான நாளிலிருந்து அதே சிஸ்டர்தான். 'சரி மேடம்' என்பதைத் தவிர வேறு பதிலை அந்த வாயிலிருந்து இவள் கேட்டதில்லை.

"இடது பக்கம் திரும்பிப் படுத்துக்குங்க மேடம். முழங்காலை மடக்கிக்குங்க" என்றாள் சிஸ்டர்.

எக்ஸ்பிரஸ் தன் பெயருக்குத் துரோகம் செய்யவில்லை. அவள் திரையைச் சரியாகப் பார்ப்பதற்குள் முதல் வளைவைத் தாண்டிவிட்டான். பளபளவென்று இளஞ்சிவப்பாக, வரிவரியாக மடிப்புகள் வந்துகொண்டே இருந்தன. தன் குடலைத் தானே பார்ப்பது விசித்திரமாக இருந்தது. சுத்தமாக இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டாள். காற்றைக் குறைக்கச் சொன்னாள். வலப்பக்கம் திருப்பச் சொன்னாள். அவன் 'ம்' கொட்டிவிட்டுத் தன் வழியில் போய்க்கொண்டிருந்தான்.

அப்புறம் குழாய் உள்ளே வளையமாகச் சுருண்டது. வலி என்றால் அப்படி ஒரு வலி. 'கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கும்' என்பது இந்த இடத்தில் அவள் நோயாளிகளுக்குச் சொல்லும் வசனம். அந்த வசனத்தை எழுதியவரை அவள் மனதுக்குள் வைதாள். சிஸ்டர் உள்ளங்கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தாள். எக்ஸ்பிரஸ் குழாயைப் பின்னுக்கு இழுத்து, சுருளை நேராக்கி, மறுபடி முன்னேறினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நெற்றி வியர்த்தது. மயக்க ஊசி தேவையா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. வீம்புக்கு மருந்து இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

குடலின் குறுக்குப் பகுதியைத் தாண்டியதும் திரையில் ஒரு குழி வந்தது. வட்டமாக, மூடியது போல, அதற்கு மேல் வழியில்லாமல். ஓரத்தில் ஒரு மடிப்பு தடித்துத் தெரிந்தது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு தூரம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை, எல்லாம் சுத்தம்.

"வந்தாச்சு. முனைதான். படம் எடுங்க சிஸ்டர், திரும்பலாம்."

ஒன்றும் நடக்கவில்லை. பொத்தான் அழுத்தும் 'க்ளிக்' சத்தம் கேட்கவில்லை. அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். சிஸ்டரின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. கண் திரையில் இருந்தது. எக்ஸ்பிரஸும் அசையவில்லை.

"நான் சொல்றேன்ல? எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருக்கேன். முனை இது. எடுங்க."

வலியில் வந்த குரல்தான் என்றாலும் அதில் பிரிவுத் தலைவியின் அதிகாரம் முழுக்க இருந்தது. அந்தக் குரலுக்கு வார்டே எழுந்து நிற்கும். சிஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விரல் கீழே இறங்கவில்லை. எக்ஸ்பிரஸ் திரையிலிருந்து பார்வையை எடுக்காமல், குரலை உயர்த்தாமல் பேசினான்.

"மூணையும் சொல்லுங்க மேடம். படம் எடுத்துடலாம்."

என்ன தைரியம் என்றுதான் முதலில் தோன்றியது. தனக்கே வாய்ப்பாடா? சொல்லிக் காட்டுகிறேன் என்று திரையைப் பார்த்தாள். குடல்வாலின் துவாரம். தேடினாள், இல்லை. ஒரு நிழலைத் துவாரமாக்கிப் பார்த்தாள், அது நிழலாகவே இருந்தது. சிறுகுடலின் வாசல். ஓரத்து மடிப்பை உதடாக்க முயன்றாள். உதடு என்றால் திறக்க வேண்டும், இது திறக்கவில்லை. மூன்று மடிப்புகள் கூடும் சந்தியும் இல்லை. அப்போதுதான் குழியின் சுவரில் மெல்லிய நீல நிறம் படிந்திருப்பதைக் கவனித்தாள். குடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லீரல்தான் அப்படி நீலமாகத் தெரியும். வகுப்பில் அவளே எத்தனையோ தடவை படம் போட்டுக் காட்டி, 'இங்கதான் ஏமாறுவீங்க, ஜாக்கிரதை' என்று எச்சரித்த அதே வளைவு.

அவளுக்கு முகம் சுட்டது. வலியை மட்டும் சாக்குச் சொல்லிப் பயனில்லை. இதோடு முடிந்துவிட வேண்டும், சுத்தம் என்று சொல்லிவிட வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது. அந்தத் தவிப்புதான் வெறும் வளைவை முனையாக்கிக் காட்டியிருக்கிறது. பயந்தவள் கண்ணுக்கு வழி முடிந்துபோனதாகத்தானே தெரியும்.

"இல்ல" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "முனை இன்னும் வரல."

"மல்லாந்து படுத்துக்குங்க மேடம். இன்னும் கொஞ்ச தூரம்தான். மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றான் எக்ஸ்பிரஸ்.

சிஸ்டர் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக மேடம் சொன்னதைச் செய்யாமல் நின்றிருந்தாள். குழி என்று நினைத்த இடம் மெல்லத் திறந்து வழிவிட்டது. அதற்கு அப்பால் அகலமாக இன்னும் ஒரு சாண் குடல் இருந்தது. அதன் கோடியில் எக்ஸ்பிரஸ் நின்றான். துவாரம் என்றான். வாசல் என்றான். சந்தி என்றான். சிஸ்டர் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையாட்டினாள். பிறகுதான் 'க்ளிக்' என்றது.

மேஜைமேல் கிடந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மானம் மரியாதை எல்லாவற்றையும் உடுப்போடு கழற்றி வைத்துவிட்டுக் கிடக்கிற வேளையில் பெருமை வரலாமா? வந்தது. அவள் வாழ்க்கையில் வாங்கிய பட்டங்களுக்கும் பதக்கங்களுக்கும் வராத பெருமை வந்தது. தான் சொன்னால்கூடக் கேட்காத ஓர் அறையைத் தான் கட்டியிருக்கிறோம். சட்டம் போட்டவள் குரலை ஒதுக்கிவிட்டுச் சட்டத்தைக் காப்பாற்றுகிற இரண்டு பேர் இதில் நிற்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

எக்ஸ்பிரஸ் திரும்பத் தொடங்கினான். அவள் முதல் முறையாக அதைப் பார்த்தாள். உள்ளே போனவனும் வெளியே வருகிறவனும் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. அவன் நகரவே இல்லை. ஒரு மடிப்பை அழுத்தி அதன் பின்புறத்தைப் பார்த்தான். நனைத்தான், உறிஞ்சினான், மறுபடி பார்த்தான். பார்த்த மடிப்புக்கே திரும்பப் போனான். இப்படி ஊர்ந்தால் சாயங்காலம் ஆகிவிடும் என்று அவளுக்கே தோன்றியது. ஆமை என்ற பெயரை இனிமேல் இவனிடம்தான் ஒப்படைக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து பாதிப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒருவனைப் பற்றி முடிவு கட்டியிருக்கிறாள். வளைவை முனை என்று நினைத்துத் திரும்புகிறவர்கள் குடலுக்குள் மட்டும் இல்லை போலும்.

ஓரிடத்தில் அவன் நின்றான். அவள் பார்க்காமலே விட்டுவிட இருந்த அந்த ஒரு சாணுக்கு நடுவில்தான். மடிப்பின் மேல் மஞ்சளாகக் கொஞ்சம் சளி படிந்திருந்தது. குடித்த மருந்தின் மிச்சம் என்று அவள் நினைத்தாள். அவன் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினான். சளி விலகியது. அதன் அடியில், சுற்றியிருந்த தோலைவிடச் சற்று வெளிறி, தட்டையாக, ஒரு நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு திட்டு இருந்தது. ஓரம் மேகம் மாதிரி கலைந்திருந்தது. நடுவில் ஓரிடம் மட்டும் சிவந்து லேசாகத் தடித்திருந்தது.

அது என்னவென்று அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. விட்டால் புற்றாக மாறும். சிவந்த இடத்தில் ஏற்கெனவே மாறத் தொடங்கியிருக்கலாம். அக்காவின் படம் கண்முன் வந்து நின்றது.

"பார்த்தீங்களா மேடம்?"

"பார்த்தேன்."

"இப்பவே எடுத்துடறேன். முழுசா, ஒரே துண்டா வரும்னு நினைக்கிறேன். சரியா?"

எந்த ஊசி, எவ்வளவு திரவம், எந்தக் கோணம் என்று அவளிடம் பத்து யோசனை தயாராக இருந்தது. வாய் வரை வந்தும்விட்டது. அவள் கூரையின் கறையைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க" என்றாள். இந்த மேஜையில் படுத்தவர்கள் அவளிடம் இதையேதான் சொல்வார்கள். அதைச் சொல்ல எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று இப்போதுதான் தெரிந்தது.

அவன் மெல்லிய ஊசியைத் திட்டுக்கு அடியில் செலுத்தி நீலத் திரவத்தை ஏற்றினான். திட்டு பொரிந்த அப்பளம் மாதிரி உப்பி மேலே எழும்பியது. கம்பி வளையத்தை விரித்து, அதைச் சுற்றிப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். அவன் கண்ணைத் தூக்கினால் போதும், சிஸ்டரின் கை நகர்ந்தது. படுத்திருந்தவள் பயத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் நல்ல வேலையைக் கண்டால் மயங்குகிற புத்தி எங்கே போகும்? என்ன கை இது, என்று பாதிப் பயத்திலும் ரசித்தாள். துண்டு அப்படியே கழன்று வந்தது. காயத்தைச் சின்னச் சின்ன கிளிப்புகளால் சேர்த்து மூடினான். பிறகு மீதிக் குடல் முழுக்க அதே ஆமை வேகத்தில் பார்த்து முடித்துத்தான் வெளியே வந்தான். அறையில் ஒருவரும் சாப்பிடப் போகவில்லை.

துண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போயிற்று. முடிவு வர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் அவள் வேலைக்கு வந்தாள், நோயாளிகளைப் பார்த்தாள், மருந்து குடிக்கும் உத்தரவைப் போட்டாள். இளம் டாக்டர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததைப் பார்த்துத் திருப்திப்பட்டாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. கணவர் கேலி செய்வதை நிறுத்திவிட்டார், அதுவே அவளைப் பயமுறுத்தியது. அக்காவின் புடவைகள் அலமாரியை விட்டு நகரவில்லை.

முடிவு வருகிற நாளன்று அக்காவும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. பிரிவுத் தலைவியின் அறையில், மேஜைக்கு இந்தப் பக்கம் நோயாளிகளுக்காகப் போட்டிருக்கும் இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தங்கை மேஜைக்கு அந்தப் பக்கம், தன் சுழல் நாற்காலியில் இருந்தாள். எக்ஸ்பிரஸ் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். கையில் ஒரு காகிதம் இருந்தது. நின்றபடியே, "மேடம்" என்று ஆரம்பித்தான்.

"கொஞ்சம் இருங்க" என்று அவள் எழுந்தாள்.

மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் சுழல் நாற்காலியைக் கையால் காட்டினாள். அவன் தயங்கினான். அவள் கையை இறக்கவில்லை. அவன் சுற்றிப் போய் அதன் விளிம்பில் உட்கார்ந்தான். அவளைவிட அவனுக்குத்தான் அதிகம் வியர்த்தது.

"புற்று ஆகல" என்றான். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டான். "ஆனா நடுவுல அந்தச் சிவப்பு இடம் மாற ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தா வேற கதை. இப்ப முழுசா வந்துடுச்சு. வெட்டின ஓரம் எல்லாம் சுத்தம். ஆபரேஷன் தேவையில்ல."

அக்கா கைப்பையை மடியில் போட்டுவிட்டு, தங்கையின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். தலைமையாசிரியை அழுது அவள் பார்த்தது தங்கள் அப்பா போன அன்றுதான். இப்போது சத்தமில்லாமல் அழுதாள். இவளும் அழுதாள். பிரிவுத் தலைவி அழக் கூடாது என்று எந்தச் சட்டமும் அவள் போட்டிருக்கவில்லை.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுழல் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்த ஒல்லிப் பையனை ஏற இறங்கப் பார்த்தாள். தங்கையின் கீழே வேலை பார்க்கிற பிள்ளை தங்கையின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புரியவில்லை.

"யாரும்மா இந்தத் தம்பி?"

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. தான் திரும்பச் சொன்ன இடத்தில் இவன் திரும்பாமல் நின்றதைச் சொல்லலாம். சிஸ்டரின் விரலைச் சொல்லலாம். வீட்டுக்குப் போய் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். நெஞ்சு மட்டும் நிமிர்ந்துகொண்டது.

"இவர்தான்க்கா என் டாக்டர்" என்றாள்.

அவன் தலையைக் குனிந்து காகிதத்தைப் பார்த்தபடி, ஒரு வருஷம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும், வெளியூரில் இருக்கும் அவளுடைய பிள்ளைகளையும் சீக்கிரமே அழைத்து வந்து காட்ட வேண்டும் என்று சொன்னான். அவள் குறுக்கே பேசாமல், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"அப்பவும் நீங்களே பாருங்க டாக்டர்" என்றாள்.